நாலடி ஒன்றரை அங்குல ஜன்னல்

கொரட்டூர் வேம்புலிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தெருவே சொல்லும். அது பாதிதான் சரி. வாயால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பேனாவால் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அகலம் நாலடி ஒன்றரை அங்குலம், உயரம் ஐந்தரை அடி, மேலே அரைவட்ட வளைவு. முப்பத்துநாலு வருஷமாக அந்தப் பொய் ஓர் அரசாங்க அலமாரியில் சுருண்டு படுத்திருந்தது. அது பாட்டுக்கு அங்கேயே கிடந்திருக்கலாம். நிவேதிதா என்ற பெண் அதைத் தூசி தட்டி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து, அவர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

வேம்புலி அப்போது பனியனோடு உட்கார்ந்து நாலாவது இட்லியை முடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உன்னத் தேடிகினு ஒரு பொண்ணு வந்துகீது. படிச்ச பொண்ணு. சட்டயப் போடு" என்றாள் அவர் மனைவி நாகவல்லி.

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வேலப்பன்சாவடியில் ஒரு ஆர்க்கிடெக்சர் காலேஜில் பாடம் எடுக்கிறாளாம். உட்காரக்கூட இல்லை, கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"உப்பு பங்களாவை அளந்த வேம்புலி சார் நீங்கதானே?"

அந்தப் பெயரைக் கேட்டதுமே வேம்புலி சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டினார்.

உப்பு பங்களா என்பது தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கடலை ஒட்டி நிற்கும் கல்வீடு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் உப்பளத்தை மேய்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி கட்டியது. பின்னால் அரசாங்கத்துக் கைக்கு வந்து, பழைய காகிதங்களைப் போட்டு வைக்கும் கிடங்காகிப்போனது. அதை அளந்து படம் போட்டு வைக்கச் சொல்லி ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வர, இருபத்தேழு வயது டிராஃப்ட்ஸ்மேன் வேம்புலியை அனுப்பினார்கள். துறையிலேயே அவரைப்போல அளக்க ஆள் இல்லை. தன் கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன், மணவறைக் கால் அரை அங்குலம் கோணல் என்று ஐயரிடம் சொன்ன ஆள் அவர்.

"நாங்க லேசர் வெச்சு அளந்தோம் சார்" என்றாள் நிவேதிதா. "அடியில மூணடி, மேல போகப்போக ரெண்டேகாலடின்னு சுவரோட கனத்தை நீங்க போட்டிருக்கீங்க. அப்படியே இருக்கு. முன்பக்கம் எட்டு ஒத்தைக்கல் தூணும் நீங்க போட்ட இடத்துலேயே இருக்கு. கால் அங்குலம் தப்பலை சார்!"

"கால் இஞ்சு தப்பாதா?" நாகவல்லி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கடைக்கு அனுப்பிச்சா அரைக் கிலோ தப்பா வாங்கினு வர்றாரு."

நிவேதிதா சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "ஒரே ஒரு விஷயம்தான் சார் இப்ப அங்க இல்லை. கிழக்குச் சுவர் ஜன்னல்."

வேம்புலி தண்ணீர் குடித்தார்.

"கடலைப் பார்த்த சுவர். நீங்க அளந்தப்போ ஜன்னல் இருந்திருக்கு. அப்புறம் யாரோ கல்லு வெச்சு மூடியிருக்காங்க. நாலு மாசம் தேடினேன் சார். பூச்சை உரிச்சுப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், மெஷின் வெச்சுப் பார்த்தேன். ஒரு கோடு கூடத் தெரியலை. மூடினவன் எப்பேர்ப்பட்ட கொத்தனாரா இருக்கணும்!"

இல்லாத கொத்தனார் இல்லாத கல்லால் இல்லாத ஜன்னலை மூடினால் கோடு எங்கிருந்து தெரியும்? ஆனால் அந்தக் கொத்தனாரின் புகழைப் பற்றி அவள் ஒரு கட்டுரையே எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்.

"பங்களாவைப் பார்த்துக்கறது தாயம்மான்னு ஒரு அம்மா. 'இங்க ஜன்னலே கெடையாது தாயி, எங்க பாட்டன் காலத்துலேருந்து செவுருதான்'னு சொல்லிட்டே இருந்தாங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? டிராயிங்லதான் இருக்கே." அவள் திரையில் அந்த அளவைத் தொட்டுக் காட்டினாள். "அந்த ஒன்றரை அங்குலம்தான் சார் என்னை உலுக்கிடுச்சு. வெறும் நாலடின்னு போட்டிருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்கும். நாலடி ஒன்றரை அங்குலம்னு போட்டீங்க பாருங்க, அளக்காதவங்க அப்படிப் போட மாட்டாங்க."

வேம்புலி இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

விஷயம் இதுதான். பங்களாவைப் பழுதுபார்த்து, முதலில் கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே மீட்கிறார்கள். வரும் சனிக்கிழமை காலேஜில் விழா. வேம்புலிக்குப் பொன்னாடை. ஜன்னலுக்கு அவர் பெயர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிழக்குச் சுவரில் நாலடி ஒன்றரை அங்குலத்துக்குக் கல்லை அறுத்து ஜன்னலைத் திறக்கிறார்கள்.

"ஒவ்வொரு புயலுக்கும் குப்பத்து ஜனங்க குழந்தை குட்டியோட அந்தக் கிழக்கு ரூம்லதான் சார் வந்து தங்குவாங்க. ஒரே இருட்டு. பாவம், இனிமே வெளிச்சமா இருக்கும்" என்றாள் நிவேதிதா, போகிற போக்கில்.

அப்போது ஐப்பசி பிறந்து நாலு நாள். மழைக்காலம் வாசலில் நிற்கிறது.

அவள் போனதும் வேம்புலி கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். வெயில் காய்கிற பகல் பத்து மணிக்கு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பங்களாவை அளக்க மூன்று நாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க கன்னியப்பன் என்ற உதவியாளர். அவர் இப்போது உயிரோடு இல்லை. முதல் இரண்டு நாள் வேம்புலி சோறு தண்ணி மறந்து அளந்தார். அப்படி ஒரு வீடு. கடல் பக்கத்து இரண்டு மூலைகளையும் கூராக விடாமல் காற்று வழுக்கிக்கொண்டு போக உருட்டிக் கட்டியிருந்தார்கள். தரை முழுக்க ஆறடிக்கு ஓர் அங்குலம் மேற்கே சரிவு; அலை உள்ளே வந்தாலும் முன்வாசல் வழியாகத் தானே வெளியே போய்விடும். மொட்டைமாடி மழைத்தண்ணீர் கல்தூம்பு வழியாக மேற்கே இறங்கித் தொட்டியில் விழும். ஒவ்வொன்றையும் அளந்து எழுதும்போது வேம்புலிக்குக் கட்டியவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பாக்கி இருந்தது கிழக்குச் சுவர் மட்டும். கிழக்கு அறை பூட்டியிருந்தது. சாவிக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். மாடிப்படியும் அந்த அறைக்குள்ளேதான். வெளியே சுற்றிக்கொண்டு போகலாமென்றால் அலை சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்குத் தண்ணீர் வடியும் என்றார்கள். "கட்டுமரத்துல ஏறு, கடல்லேர்ந்து காட்டறேன்" என்றார் ஒரு மீனவர். வேம்புலி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். புதுச் சட்டை. இஸ்திரி போட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேப்பம்பட்டில் பெண் பார்க்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை ஆபீஸ் வேலை என்று போகாமல் விட்டிருந்தார். "இந்தத் தபாவும் வரல, உன் டேப்பையே கட்டிகினு குடும்பம் நட்த்து" என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். குப்பத்திலிருந்து மெட்ராஸுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் ராத்திரிதான்.

பஸ் ஏறிவிட்டார்.

அந்த மீனவரிடம் "ஐயா, கடல் பக்கம் ஜன்னல் கீதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். கேட்கவில்லை. டேப் பிடிக்கிறவனுக்கு வாய்ச்சொல் கணக்கில்லை என்பது ஆபீஸ் திமிர். திங்கட்கிழமை ஆபீஸில் போர்டின் முன்னால் உட்கார்ந்து, கடலோரத்தில் வீடு கட்டுகிறவன் கடலைப் பார்க்க ஒரு ஜன்னல் வைக்காமலா இருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒரு ஜன்னலைப் போட்டார். சரிபார்க்க வேண்டிய அதிகாரி டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டார். கதை முடிந்தது என்று வேம்புலி நினைத்தார்.

இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தால் மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மூலையை உருட்டிவிட்டு, தரையை மேற்கே சாய்த்து, தண்ணீரை மேற்கே விட்டு, வாசலையும் மேற்கே வைத்து, வீடு முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இருநூறு வருஷப் புயலை அந்த முதுகில்தான் வாங்கியிருக்கிறது. அந்த முதுகில் போய் ஓட்டை போட்டிருக்கிறோமே, நாமெல்லாம் ஒரு டிராஃப்ட்ஸ்மேனா?

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் நாகவல்லி அதற்குள் தெருவுக்கே சொல்லியிருந்தாள்.

முப்பத்துமூன்று வருஷமாக அவளுக்கு ஒரு குறை. பக்கத்து வீட்டுப் பானுப்பிரியாவின் மாமனார் ஆவடியில் டாங்கி செய்தார். எதிர்வீட்டுக்காரர் ரயில் ஓட்டினார். உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "கோடு போடறாரு" என்றுதான் சொல்ல முடிந்தது. இப்போது கிடைத்திருக்கிறது பாருங்கள் ஒரு ஜன்னல்!

"எங்க ஊட்டுக்காரரு பேர்ல ஜன்னல் வைக்கிறாங்கோ" என்று குழாயடியில் சொன்னாள். "வெள்ளக்காரன் ஊட்ல! சமுத்திரத்தப் பாத்தமாரி! போட்டோ எல்லாம் புடிக்கப் போறாங்களாம்." மீன்காரம்மா பொன்னியம்மாவிடம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசாமல் வாங்கினாள். பொன்னியம்மா அன்று முழுக்க அதைப் பற்றியே எல்லா வீட்டிலும் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை வேம்புலி நிவேதிதாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, அந்த ஜன்னலப் பத்தி ஒரு விஷயம்..."

"சார்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க சார்! எங்க அம்மா போன்லயே அழுதுட்டாங்க. எல்லாம் உங்களால. சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

"விழாக்கு வேட்டி கட்டிகினு வர்லாமா, பேண்ட்டா?" என்றார் வேம்புலி.

வேட்டியே கட்டலாமாம்.

புதன்கிழமை நாகவல்லியிடம் சொல்லிப் பார்த்தார். "நாகு, அந்த ஜன்னல் அங்க இல்லன்னு வெச்சிக்கோயேன்..." என்று ஆரம்பித்தார். "அதான் இல்லியே, மூடிகீறாங்க. தொறக்கத்தானே போறாங்கோ" என்று அவள் முடித்துவிட்டாள். வியாழக்கிழமை அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு ஜன்னல்தானே, காற்று வந்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை டி.வி.யில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். வேம்புலி எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். அணைத்தால் தாழ்வு போய்விடுமா?

அந்த இருட்டு அறை அவர் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைகள். தலைமாட்டில் நாலடி ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை. அதில் கடல்.

சனிக்கிழமை காலேஜிலிருந்து கார் அனுப்பினார்கள். வேம்புலி பட்டுக்கரை வேட்டி கட்டி, சட்டை போட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்தார். அரை பிளேடைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே இன்னும் தீர்மானமாகத் தெரியாது. கை பழக்கத்துக்குச் செய்தது.

நாகவல்லி பார்த்துவிட்டாள். "பிளேடு இன்னாத்துக்கு? அங்க யாருக்கு ஷேவிங் பண்ணப் போறே?"

"சும்மா, கைல இருக்கட்டும்."

"வயசானா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பச்சைப் பட்டுப் புடவையின் கொசுவத்தைச் சரிசெய்தாள். பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கப்புறம் கட்டச் சந்தர்ப்பமே வரவில்லை.

காலேஜ் அரங்கில் இருநூறு பேர். மேடைக்குப் பின்னால் உப்பு பங்களாவின் படம் சுவர் உயரத்துக்கு நின்றது. அலையடிக்கிற கருங்கல் சுவர். அதன் மேல் புள்ளிக்கோட்டில் ஒரு ஜன்னல். கீழே 'வேம்புலி ஜன்னல்' என்று எழுத்து. நாகவல்லியை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் அந்த எழுத்தைப் போனில் மூன்று தடவை போட்டோ எடுத்தாள்.

நிவேதிதா அழகாகப் பேசினாள். "தன் வீடு முழுக்கக் கடலுக்கு முதுகு காட்டின ஒருத்தர், ஒரே ஒரு இடத்துல மட்டும் தன் விதியைத் தானே மீறி ஒரு ஜன்னல் வெச்சிருக்கார். ஏன்? அந்த மனுஷன் யாரையோ நினைச்சுத்தான் அதை வெச்சிருக்கணும்" என்றாள். பையன்கள் கை தட்டினார்கள். வேம்புலிக்குக் காது சூடாகியது.

அப்புறம் காலேஜ் முதல்வர் எழுந்தார். துறையிலிருந்து இரவல் வாங்கிய அசல் படத்தை, மங்கலான டிரேசிங் காகிதத்தை, மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் 'வே' என்ற ஓர் எழுத்து மட்டும் இருந்தது. "இத்தனை வருஷம் பெயர் இல்லாமல் இருந்த கலைஞர், இன்று இந்த மேடையில் முழுக் கையெழுத்துப் போடுவார்" என்று முதல்வர் முழங்கி, தன் தங்க மூடிப் பேனாவையே நீட்டினார்.

வேம்புலி பேனாவை வாங்கினார். படத்தைப் பார்த்தார். தன் கைக்கோடு. இருபத்தேழு வயதில் என்ன சுத்தமாகப் போட்டிருக்கிறான் பயல்! கையெழுத்துப் போட்டால் அத்தனையும் நான்தான் என்று ஆகிவிடும், அந்த ஜன்னலும் சேர்த்து.

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார்.

டிரேசிங் காகிதத்தில் மையால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. அரை பிளேடைப் படுக்கவைத்து, ஒரே பக்கமாக, மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் காகிதம் கிழியும். வேம்புலி குனிந்து சுரண்ட ஆரம்பித்தார். மைக் மேஜையில் இருந்ததால் அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. சர்... சர்... சர்...

"சார்!" நிவேதிதா ஓடி வந்தாள். "சார், என்ன பண்றீங்க? அது ஒரிஜினல் சார்!"

"இரும்மா, கை ஆடப்போது" என்றார் அவர்.

முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். யாரோ "பெரியவருக்கு உடம்பு சரியில்லபோல" என்றார்கள். நாகவல்லி சேரின் நுனிக்கு வந்துவிட்டாள். வளைவு போனது. இரண்டு பக்கக் கோடும் போனது. அளவு போனது. சுரண்டிய இடத்தை நகத்தால் வழித்து மழமழப்பாக்கி, தூளை வாயால் ஊதிவிட்டு, வேம்புலி மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஜன்னல நான் அளக்கல. அது அங்க இல்ல. எப்பவுமே இல்ல. நானா போட்டது."

பிளேடைத் திரும்பக் காகிதத்தில் மடித்தார்.

"அன்னிக்கு ரூம் பூட்டியிருந்திச்சு. வெளியில அலை. நாலு மணி வரிக்கும் இருந்திருந்தா பாத்திருக்கலாம். நான் பன்னெண்டு மணி பஸ்ஸுல ஏறிப் பூட்டேன்."

நிவேதிதா சுரண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். "எதுக்கு சார்?" என்றாள். மைக்கில் அதுவும் கேட்டது.

வேம்புலி முதல் வரிசையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க."

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எல்லாத் தலையும் பச்சைப் பட்டுப் புடவைப் பக்கம் திரும்பியது. நாகவல்லி கையிலிருந்த போனை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கப்பா" என்றார் வேம்புலி. "எனக்கு வெக்கமா கீது. புயல் வந்தா அந்தச் செவுத்துக்குப் பின்னாலதான் கொழந்தைங்க படுத்துகினு கீதுங்க. இருநூறு வருஷமா அது சனங்கள காப்பாத்துது. நான் பண்ண தப்புக்கு அத அறுக்காதீங்க. தாயம்மா சொன்னது நெசம். அது செவுரு. வெறும் செவுரு. அத அப்படியே உட்ருங்க."

நிவேதிதா மேடையிலேயே போனை எடுத்தாள். "அண்ணா, திங்கட்கிழமை வேலை வேணாம். இல்லை, மழைக்காக இல்லை. எந்தத் திங்கட்கிழமையும் வேணாம். அந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது." போனை வைத்துவிட்டு வேம்புலியைப் பார்த்தாள். கோபத்தில் கண் கலங்கியிருந்தது. "நாலு மாசம் சார். கட்டுரையைத் திரும்ப வாங்கணும். எங்க அம்மாகிட்ட வேற சொல்லணும்."

"தப்புதாம்மா. நீ என்ன திட்டினாலும் தகும்."

"உங்களை மட்டும் திட்டி என்ன சார் ஆகப்போகுது? தாயம்மா என் முகத்துக்கு நேரா பத்துத் தடவை சொன்னாங்க. கோட்டை நம்பினேன், அவங்களை நம்பலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேஜையில் கிடந்த தங்க மூடிப் பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இப்ப போடுங்க கையெழுத்து. இப்பதான் இது சரியான டிராயிங்."

வேம்புலி போட்டார். முதலெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பொன்னாடை போர்த்துவதா வேண்டாமா என்று முதல்வருக்குக் குழப்பம். வாங்கியாகிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று யாரோ காதில் சொன்னதும் போர்த்திவிட்டார்.

திரும்பி வரும் காரில் நாகவல்லி வாயே திறக்கவில்லை. வானகரம் வரைக்கும் பொறுத்தார் வேம்புலி. அயனம்பாக்கம் வரைக்கும் பொறுத்தார். அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது. திங்கட்கிழமை குழாயடியில் அவள் என்ன சொல்வாள்? பொன்னியம்மாவிடம் என்ன சொல்வாள்? போட்டோ வேறு மூன்று எடுத்து வைத்திருக்கிறாள்.

அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் கார் நின்றது.

"அந்த ஒன்றர இஞ்சு எங்கேர்ந்து வந்திச்சு?" என்றாள் நாகவல்லி.

"எந்த...?"

"நாலடின்னே போட்டிருக்கலாமே. உனக்குப் பொய் சொல்ல வராது. எதையோ பாத்துதான் போட்டிருப்பே. எத பாத்தே?"

இருநூறு பேர் இருந்த அரங்கத்தில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. வேம்புலி கார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். டிரைவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"வேப்பம்பட்டுல, உங்க தெருவுல நான் நடந்து வர சொல்லோ... நீ ஜன்னல்ல நின்னுகினு எட்டிப் பாத்தே. உள்ள வந்து நீ காபி குடுக்கறதுக்கு மின்னாடியே நான் பாத்துட்டேன். திங்கக்கெழம ஆபீஸ்ல பேனாவ எடுத்தா, கண்ணுல அந்த ஜன்னல்தான் வந்து நிக்குது. வேற எதுவும் வரல. அதையே போட்டேன். அளவு பொய் இல்ல நாகு. எடந்தான் பொய்."

சிக்னல் பச்சையானது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நாகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"யோவ்! எங்க ஊட்டு ஜன்னலா? அது ரெண்டடி கூட இருக்காதுய்யா! என் தல மட்டுந்தான் அதுல நுழையும். நாலடி ஒன்றர இஞ்சா? அதுக்கு வளைவு வேறயா? எங்க நைனா நாலு மூங்கிக் குச்சி வெச்சி அடிச்சது அது!"

"இல்ல. நாலடி."

"கால் இஞ்சு தப்பாத ஆளு, ரெண்டடி தப்பிகீறே!"

"எங்கண்ணு தப்பாது. நாலடி ஒன்றரதான்" என்றார் வேம்புலி பிடிவாதமாக.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சிரிப்பால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று வேம்புலிக்குத் தெரியவில்லை. வேப்பம்பட்டில் அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி அப்பார்ட்மெண்ட் நிற்கிறது. அந்த ஜன்னல் மிச்சம் இருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான். அதையும் இன்று அவரே சுரண்டிவிட்டு வந்திருக்கிறார்.

கொரட்டூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது நாகவல்லி பொன்னாடையை அவர் தோளில் சரியாக இழுத்துவிட்டாள்.

"ஊட்டுக்குப் போயி, எனக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் குடு."

"ரெண்டடின்னு போட மாட்டேன்."

"நாலடியே போடு. வளைவும் போடு" என்றாள் அவள். "அத நம்பி யாரு செவுத்த அறுக்கப் போறாங்கோ?"